வாப்பாவின் கால் அளவு

கல்முனைக்குடி,
12.12.1955, திங்கள் இரவு.

என் கண்ணியத்துக்குரிய வாப்பா அச்சிமுகம்மது அவர்களின் சமுகத்துக்கு, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் ஜுனைதா ஸலாத்துடன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தின் முதல் வரியில் நம் சுகத்தைச் சொல்லி, இரண்டாம் வரியில் அவர்கள் சுகத்தைக் கேட்க வேண்டும் என்று டீச்சர் படிப்பித்திருக்கிறா. ஆகவே நாங்கள் சுகம். உம்மா சுகம். கோழிகள் சுகம். புது வீட்டின் நாலு சுவர்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மழை பெய்கிறது, ஆனால் பழைய வீடு ஒழுகவில்லை. ஒழுகுகிற இடங்களில் சட்டி வைத்திருக்கிறோம். தங்கள் சுகத்தை நான் கேட்கமாட்டேன். ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு வாசித்துக் காட்டப்போகிற காட்டு மர வாடியின் கிளாக்கர் கனகரெத்தினம் ஐயா அவர்களுக்கும் என் வணக்கம். ஐயா, வாப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்பும் கடிதங்களை இங்கே உம்மாவுக்கு வாசிப்பது நான்தான். நீங்கள் அங்கே எழுதுகிறீர்கள், நான் இங்கே வாசிக்கிறேன், நம் இருவரின் வாயாலும் கையாலும் வாப்பாவும் உம்மாவும் கதைத்துக்கொள்கிறார்கள். அந்த உரிமையில் ஒரு உதவி கேட்கிறேன். வாடியில் ஆட்கள் கூடியிருக்கும்போது இதை வாசிக்க வேண்டாம். வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் பீடி பற்றவைத்த பிறகு வாசியுங்கள். அவர் சிரிக்கிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவருக்குச் சிரிப்பு மெதுவாகத்தான் வரும். முதலில் தோள் குலுங்கும், பிறகுதான் சத்தம்.

வாப்பா, நான் புது வீட்டுக்குள் இருந்து எழுதுகிறேன். கதவு இல்லாத வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு, குப்பி விளக்கைச் சுவர் மூலையில் வைத்திருக்கிறேன். நான் பாயில் படுத்திருப்பதாக உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா. பாயில் படுத்திருப்பது தலையணையும் உங்கள் பழைய போர்வையும். பிடிபட்டால் என் படிப்பு நாளையோடு முடிந்தது. பக்கத்து வளவு ஸுலைஹா மாமி போன மாதமே உம்மாவிடம் சொல்லிவிட்டா, "எழுத்துப் படிச்ச பொட்டப்புள்ள எண்டைக்காவது ஒரு நாள் ராவையில காயிதம் எழுதும், பாரு ஸம்ஸியா" என்று. அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கு ராவையில் காயிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாப்பாவுக்கு எழுதினாலும் அது காயிதம்தானே என்று மாமி சொல்லுவா.

இப்போது நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, உங்கள் வாடியிலிருந்து மரம் ஏற்றி வரும் லொறி மீராமுகைதீன் காக்கா வீட்டுக்கு வந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தா. என்னைக் கிணற்றடிக்குப் போய்ச் சட்டி கழுவச் சொன்னா. சட்டி ஏற்கனவே கழுவித்தான் இருந்தது. நான் கிணற்றடிக்குப் போவதுபோலப் போய்க் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் குந்தினேன். காக்கா சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஒண்டுமில்ல தங்கச்சி. வழுக்கினதான். மரமெல்லாம் பாசி புடிச்சிக் கிடக்கு. மேல நிண்டு கொப்பு வெட்டக்கொள்ள கால் எடுபட்டுப் போச்சி. மத்தக் கொப்புல தொங்கிட்டார், நாங்க கயிறு போட்டு எறக்கின. முழங்கால்ல தோல்தான் போன. புள்ளைக்கிட்டச் சொல்லாதங்க."

உம்மா, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டா. அவ்வளவுதான்.

பிறகு காக்கா கொண்டுவந்த உங்கள் கடிதத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னா. கனகரெத்தினம் ஐயா, உங்கள் கையெழுத்து எப்போதும் முத்து மாதிரி இருக்கும். இந்த முறை பாதி எழுத்து நீலமாகக் கரைந்து ஓடியிருந்தது. கரைந்த இடத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா வாப்பா? இங்கு மழை இல்லை, எனக்கு வேலை தரையில்தான், மரத்தில் ஏறுவதில்லை. நனைந்து ஊறிய கடுதாசியில் மழை இல்லை என்று எழுதியிருக்கிறது. நான் அதை அப்படியே வாசித்தேன்.

"மழ இல்லையாமா?" என்று உம்மா கேட்டா.

"ஓம் உம்மா, மழை இல்லையாம்."

"நல்லம்" என்று சொல்லிவிட்டு உம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, தைத்த பொத்தானை அறுத்து மறுகாவும் தைத்தா. எனக்குத் தெரியும் என்று உம்மாவுக்குத் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதும் உம்மாவுக்குத் தெரியாது. உங்கள் சுகத்தை நான் ஏன் கேட்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். கேட்டால் மழை இல்லை என்று எழுதுவீர்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் நித்திரை கொள்ளவில்லை. கடல் இரைகிறபோதெல்லாம் மரம் முறிகிற சத்தமாகவே கேட்டது. கடல் மூடிக் கரைவலையைக் கட்டிவைத்த பிறகு மற்ற வருடங்களில் நீங்கள் மாரி முழுவதும் வீட்டில்தான் இருப்பீர்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, என் வாய்ப்பாட்டைப் பிழை பிழையாகக் கேட்டுக்கொண்டு. இந்த வருடம்தான் காடு வெட்டப் போனீர்கள். எனக்குச் சீதனமாகக் கட்டுகிற இந்த வீட்டுக்கு வாசல் கதவும் அறைக் கதவும் வேண்டும், மாரி முடியுமட்டும் கொப்பு வெட்டினால் இரண்டு கதவுக்கு முதிரைப் பலகை தருகிறார்களாம், அதற்காகப் போனீர்கள். எனக்கு இன்னும் பதின்மூன்று வயது முடியவில்லை. எப்போதோ எவரோ ஒரு மாப்பிள்ளை வந்து திறந்து மூடப்போகிற கதவுக்காக இன்றைக்கு நீங்கள் பாசி மரத்தில் தொங்குகிறீர்கள். இதை நினைத்தால் எனக்கு அந்த ஆளின் மேல்தான் ஆத்திரம் வருகிறது. (ஐயா, இந்த வரியை வாசிக்காமல் விட்டாலும் காரியமில்லை.)

விடியக்காலை ஒரு முடிவுக்கு வந்தேன். வேலையை விடச் சொன்னால் நீங்கள் விடப்போவதில்லை. ஆகவே வழுக்காத ஒரு சப்பாத்து அனுப்ப வேண்டும்.

சப்பாத்துக்குக் கால் அளவு வேண்டும். உம்மாவிடம் கேட்க முடியாது, ஏன் என்று கேட்பா. அப்போதுதான் ஷரிபுதீன் மாமாவின் நினைவு வந்தது. உங்கள் கலியாணத்தன்று நீங்கள் மாப்பிள்ளையாகப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உம்மாவின் தம்பி என்ற முறையில் கிண்டியில் தண்ணீர் வார்த்து உங்கள் காலைக் கழுவியது மாமாதானே. அதற்கு நீங்கள் அவர் விரலில் மோதிரம் போட்டீர்கள் என்று வருடத்துக்கு நாலு முறையாவது சொல்லுவார். ஒரு காலைக் கையால் பிடித்துக் கழுவியவருக்கு அதன் நீளம் தெரியாமல் போகுமா? சந்தைக்குப் போகிற வழியில் மறித்துக் கேட்டேன்.

"நான் மோதிரத்தத்தான் பாத்தன் மகள். கால எவன் பாத்தான்?" என்றார் மாமா. பிறகு கொஞ்சம் யோசித்து, இடது காலை இரண்டு தரம் கழுவிவிட்டு வலது காலைக் கழுவாமல் விட்டதாகத் தனக்கு ஒரு சந்தேகம் பதினைந்து வருடமாக இருக்கிறது, இதை யாரிடமும் சொல்லாதே என்றார். நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் மூளை வேலை செய்தது. புது வீட்டு நடுக்கூடத்தில் உங்கள் கால் இருக்கிறதே. நீங்கள் காட்டுக்குப் போவதற்கு முதல் நாள், மேசன் சீமெந்து பூசிவிட்டு ஒருவரும் மிதிக்கப்படாது என்று சொல்லிப் போனார். விடியக்காலை பார்த்தால் நடுவில் ஒரு காலடி. மேசன் ஏசினார். நீங்கள் அசையாமல் நின்று, "வேணுமெண்டுதான் வெச்சன். நான் இல்லாத நேரம் வீட்டுக்குக் காவலுக்கு இரிக்கட்டும்" என்றீர்கள். அந்தக் காலடியின் மேல் இப்போது மணல் சாக்கு அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு சாக்கை இழுத்துவிட்டு, வாசலைச் சாக்கால் மறைத்த இருட்டுக்குள் கையால் தடவி, உங்கள் வலைநூலில் ஒரு துண்டு வெட்டி, குதியில் ஒரு முடிச்சு, பெருவிரலில் ஒரு முடிச்சுப் போட்டு எடுத்தேன். நூலைப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன் (வெள்ளி லீவுக்குப் பதில் எங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு உண்டே). பூகோளப் பாடம் நடக்கும்போது உங்கள் கால் என் மடியில் இருந்தது.

பின்னேரம் அந்த நூலோடு காலிதீன் காக்காவிடம் போனேன். ஸுலைஹா மாமியின் புருஷன்தான். திருகோணமலையில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்துச் சாக்குச் சாக்காகப் பழைய சப்பாத்து வைத்திருக்கிறார் என்பது தெரியுமே. மாமி வெளியே போன நேரம் பார்த்துப் போனேன். பாசி மரத்தில் ஏற எந்தச் சப்பாத்து நல்லது என்று கேட்டேன். நான் ஏறுவதற்கா என்று கேட்டார். அப்போது இல்லை என்றுதான் சொன்னேன்.

முதலில் முழங்கால் வரை வருகிற றப்பர் சப்பாத்தைக் காட்டினார். தண்ணீர் உள்ளே போகாது, இஞ்சினியர்மார் போடுகிற சாமான் என்றார். வழுக்காதா என்று கேட்டேன். என் வாயை அடைப்பதற்காக அவரே அதை மாட்டிக்கொண்டு தன் கிணற்றடிப் பாசிக் கல்லின் மேல் மூன்று அடி நடந்து காட்டினார். நாலாவது அடி அவர் நடக்கவில்லை. கல்லில் உட்கார்ந்தபடியே கிணற்றுக் கட்டு வரைக்கும் போனார். எழுந்து சாரனைத் தட்டிவிட்டு, சப்பாத்தில் குற்றமில்லை, கல்லில்தான் குற்றம் என்றார். நான் றப்பரை வேண்டாம் என்றேன். உள்ளே தண்ணீர் போகாது, மெய்தான். ஆனால் மேலே திறந்த வாயால் மழை போய் நிறைந்தால் வெளியே வரவும் மாட்டாதே.

அடுத்தது பந்தடிக்கிறவர்கள் போடுகிற சப்பாத்து. அடியில் தோல் குமிழ்கள் இருக்கும். சேற்றில் ஓடுகிறவனுக்கே வழுக்காதது மரத்தில் வழுக்காது என்று எனக்கு அதன் மேல் ஆசைதான். தொட்டுப் பார்த்தேன், தோல் ஊறிப்போய்க் குமிழ் பேரீச்சம்பழம் மாதிரி நசிந்தது. கணுக்கால் வேறு வெறுமையாகத் தெரிந்தது. கொப்பு வெட்டும்போது கத்தி தவறினால், மரப்பொந்தில் பாம்பு இருந்தால் என்ன செய்வது?

மூன்றாவது பட்டாளத்துச் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரம், முன்பக்கம் கல்லு மாதிரித் தோல், அடி முழுக்கக் குட்டை ஆணி. குதியில் மட்டும் குதிரை லாடம் மாதிரி ஒரு இரும்பு. அதைப் போட்டுக்கொண்டு அவரைச் சீமெந்தில் நடக்கச் சொன்னேன். குதி இரும்புதான் வழுக்கியது, ஆணி வழுக்கவில்லை. (இந்த முறை காக்கா தூணைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.) லாடத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் ஆணி அடித்துத் தரச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, உன்னைப் படிக்க வைத்தது உன் வாப்பாவின் குற்றம்தான் என்றார். ஆனால் அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார்.

நூலை எடுத்துக் கொடுத்தபோதுதான் கரைச்சல் வந்தது. காக்கா அதை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது கால் அளவா, தோணி அளவா?"

"எங்கட வாப்பாட கால்."

"அவரோட ஒண்டா வலை இழுத்தவன் நான். அந்த மனிசனுக்கு இம்மட்டுக் கால் எங்கால வந்த?"

"நீங்க அவர்ர முகத்தத்தான் பாத்திருப்பீங்க" என்றேன்.

மெய்யாகவே எனக்கு அளவில் சந்தேகம் வரவில்லை வாப்பா. பார்க்காமல் இருக்க இருக்க நீங்கள் பெரிதாகிக்கொண்டு போகிறீர்கள். கொடியில் கிடக்கிற உங்கள் சாரனை நான் உடுத்திப் பார்த்தேன், அது கூடாரம் மாதிரி இருக்கிறது. அதை உம்மா இன்னும் கழுவவில்லை. மழைக்குக் காயாது என்று காரணம் சொல்லுகிறா. என் பள்ளிச் சட்டை மட்டும் எப்படிக் காய்கிறது என்று நான் கேட்கவில்லை. கவிழ்த்து வைத்திருக்கிற தோணிக்குக் கீழே நேற்றுக் கொஞ்ச நேரம் போய் இருந்தேன், உங்கள் பீடி மணமும் மீன் மணமும் வந்தது. இவ்வளவு பெரிய இடங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஆளுக்குக் கால் சின்னதாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? சாக்கின் அடியில் கிடந்த, ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் விட்டுப்போன மிகப் பெரிய சோடியைக் காலிதீன் காக்கா தேடி எடுத்து, குதியில் ஆணி அடித்துத் தந்தார். நூலுக்கு மட்டுமட்டாக இருந்தது.

அதற்கு என் புள்ளிக் கோழியைக் கொடுத்தேன். உம்மாவிடம் சொல்வதில்லை என்று காக்கா வாக்குத் தந்தார். கோழி அப்படி ஒரு வாக்கும் தரவில்லை. மஃரிபுக்கு வாங்கு சொல்கிற நேரம் வேலிக்குக் கீழால் நுழைந்து, கொடுத்தது கொடுக்காதது பாராமல், தன் பழைய கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. சனிக்கிழமையும் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, இன்றைக்கும் வந்தது. விடியக்காலை காலிதீன் காக்கா வேலி ஓரம் நின்று இருமுவார், நான் கோழியைப் பிடித்து வேலிக்கு மேலால் கொடுப்பேன். அது விற்ற கோழி. இருந்தும் இருட்டினால் வீட்டுக்கு வர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து நான் உங்களை ஒன்றும் நினைக்கவில்லை வாப்பா.

சப்பாத்தை வாங்கியாகிவிட்டது, ஆனால் பார்க்காமல் எப்படி அனுப்புவது? உங்கள் உயிரை அல்லவா அதற்குள் வைத்துக் கட்டுகிறேன். நேற்றுப் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. உம்மா தொழுகைக்குப் போனதும், வேலியோரப் பூவரசில் ஏறிப் பார்த்தேன். பொட்டப்புள்ள மரம் ஏறப்படாது என்பது தெரியும், உம்மாவின் தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுக்கப்படாது என்பதும் தெரியும். ஆனால் பஞ்சு அடைக்காமல் அந்தச் சப்பாத்துக்குள் என் கால் நிற்கவில்லை. பாதித் தலையணை உள்ளே போனது. பூவரசு பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்று இருந்தது. முதல் அடி வைத்தேன், ஆணி கடித்துப் பிடித்தது. இரண்டாவது அடி வைத்தேன், பிடித்தது. நாலு அடி ஏறினேன். அல்லாஹ்வின் காவல், அப்படி ஒரு பிடி. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. இறங்கப் பார்க்கிறேன், சப்பாத்து விடமாட்டேன் என்கிறது. இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். கால் வந்தது. சப்பாத்து இரண்டும் மரத்திலேயே நின்றன. நான் கீழே வாழைக் குழிக்குள் இருந்தேன்.

அந்தளவில் உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டா. நான் சேற்றோடு கிணற்றடிக்கு ஓடினேன். ராத்திரி எடுக்கலாம் என்று இருந்தேன். ராத்திரி மழை கொட்டியது.

இன்றைக்கு விடியக்காலை ஸுலைஹா மாமி வாசல் கூட்ட வந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறா. ஆள் உயரத்தில், மரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறுகிற மாதிரி இரண்டு சப்பாத்து. உள்ளே ஆள் இல்லை. மாமி போட்ட சத்தத்தில் தெருவே திரண்டு வந்தது. ஜின் ஏறுகிறது, பட்டாளத்து ஜின், நம்முடைய கண்ணுக்குச் சப்பாத்து மட்டும்தான் தெரிகிறது, மேலே ஆள் இருக்கிறான் என்றா மாமி. கூட்டத்துக்குள் காலிதீன் காக்காவும் நின்றார். தன் கையால் ஆணி அடித்த சப்பாத்தை அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கடைசியில் எல்லாரையும் விடப் பெரிய குரலில், "ஜின்தான். சந்தேகமே இல்ல. ஒருத்தரும் கிட்டப் போகாதங்க" என்றார்.

லெப்பையைக் கூட்டிவந்து ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். அஸர் வரைக்கும் தொடக்கூடாது என்றார் லெப்பை. பின்னேரம் ஷரிபுதீன் மாமா கொக்கத்தடியால் இழுத்து விழுத்தினார். அதற்கே மூன்று பேர் தடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாப்பா, இதைவிடச் சப்பாத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? கடலில் வீசச் சொன்னார் லெப்பை. இருட்டிவிட்டது, கிணற்றடியில் கிடக்கட்டும், காலையில் பார்ப்போம் என்று உம்மா சொன்னா. நான் அங்கேயிருந்து எடுத்து வந்துவிட்டேன். இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஜின் நான்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இந்த இருட்டில் அதைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நாளைக்கு விடியக்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு லொறி வெளிக்கிடும்போது, சப்பாத்தையும் இந்தக் கடிதத்தையும் மீராமுகைதீன் காக்காவிடம் கொடுப்பேன். நீங்கள் செய்ய வேண்டியவை இவை. தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், அடியில் பூசிவிட வேண்டாம். ஏறுவதற்கு முன் மரத்தில் இரண்டு உதை உதைத்து ஆணிக்குள் இருக்கிற சேற்றை விழுத்துங்கள். கல்லில் நடக்கும்போது கழற்றிவிடுங்கள், இரும்பு மரத்தைத்தான் கடிக்கும், கல்லைக் கடிக்காது. மழை விட்டு ஒரு வெயில் கண்ட பிறகே ஏறுங்கள். வெயில் காணாவிட்டால் ஏறவே வேண்டாம்.

மற்றப்படி எங்களை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நான் பயப்படுவதில்லை. இரண்டு கதவுக்கும் பலகை சேருமட்டும் ஆறுதலாக நின்று வாருங்கள். மாசியில் கடல் திறக்கும்போது வந்தாலும் காரியமில்லை. நான் அழுவதும் இல்லை, கடிதத்தில் எங்காவது மை கரைந்திருந்தால் அது கூரை ஒழுக்கு.

பாசி மரத்திலும், பாம்புப் பொந்திலும், வெறும் தரையிலும் உங்கள் காலடியை அல்லாஹ் உறுதிப்படுத்தி வைக்க ஐந்து நேரமும் கேட்கிறேன். கனகரெத்தினம் ஐயாவின் கண்ணுக்கும் குரலுக்கும் அவன் பலம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்
அ. ஜுனைதா.

பின்குறிப்பு: வாப்பா, மேலே எழுதியது ஒன்றையும் நம்ப வேண்டாம்.

கடிதத்தை மடிக்கும்போது பின்னால் ஒரு தும்மல் கேட்டது. ஜின் என்று நினைத்து விளக்கை ஊதி அணைத்துவிட்டேன். "ஜின்னுக்குத் தடிமனாடி? விளக்கக் கொளுத்து" என்று இருட்டுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. நான் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க, உம்மாதான் கொளுத்தினா. சப்பாத்துக்குள்ளே தன் தலையணைப் பஞ்சைப் பின்னேரமே கண்டுவிட்டாவாம். நான் எடுக்கட்டும் என்றுதான் கிணற்றடியில் போட்டாவாம். ஏசவில்லை. எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, "வாசி" என்றா.

முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். சாரனைப் பற்றி எழுதியதையும் வாசித்தேன். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தா. காலடியில் அளவெடுத்த இடம் வந்ததும் முக்காட்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. நீங்கள் போன நாளிலிருந்து உம்மா சிரித்து நான் காணவில்லை. பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு போய் மணல் சாக்கை விலக்கிக் காலடியைக் காட்டினா. இருட்டில் நான் தடவியபோது தெரியாதது இப்போது தெரிந்தது. குதி ஒரு இடத்தில் பதிந்து, அங்கேயிருந்து சறுக்கிக்கொண்டு போய், விரல்கள் வேறொரு இடத்தில் பதிந்திருக்கின்றன. மேசன் போன பிறகு உம்மாவைக் கூட்டிவந்து, இஞ்சதான் கதவு வரும் என்று கையை நீட்டிக் காட்டினீர்களாம். அப்படியே வழுக்கி உம்மாவின் தோளைப் பிடித்தீர்களாம். ஜுனைதாக்கிட்டச் சொல்லிடாத, சிரிப்பாள் என்றீர்களாம். அதற்குப் பிறகுதான் விடியக்காலை வந்து, வேண்டுமென்று வைத்தேன், காவலுக்கு வைத்தேன் என்ற கதையெல்லாம்.

சமதரையில் வழுக்கியதையே மறைத்த ஆள், மரத்தில் வழுக்கியதையா எழுதுவீர்கள்?

உம்மா தன் கையை விரித்துத் தரையில் வைத்து, உங்கள் கால் ஒரு சாணும் இரண்டு விரலும் என்றா. "கடலால வந்தா அந்தக் குதிக்கு எண்ண பூசுற நான்தானே. ஊரெல்லாம் கேட்டாய், என்னட்டக் கேக்கப்படாதா?" என்றா. நீங்க பயப்படுவீங்க எண்டுதான் கேக்கல்ல என்றேன். நானும் அதுக்குத்தான் சொல்லல்ல என்றா உம்மா.

சப்பாத்து உங்கள் காலைவிட நாலு விரல் கூடுதல் நீளம். "இத மாட்டிக்கிட்டு ஏறினா சப்பாத்து மரத்துல நிக்கும், மனிசன் கீழ கிடப்பார், நீ கிடந்த மாதிரி" என்று சொல்லி உம்மா அதை எடுத்துவைத்துவிட்டா. அது வரமாட்டாது. காலையில் காலிதீன் காக்காவிடமே திரும்பிப் போகும், கோழி இனி எங்களுடையது.

சரியான அளவுக்கு வேறு சோடி வாங்கலாம், இந்த நூலை அனுப்புகிறேன், காலில் வைத்து முடிச்சுப் போட்டு அனுப்பச் சொல்லுவோம் என்றேன். உம்மா என் கையிலிருந்து நூலைப் பறித்துவிட்டா.

"நூல அனுப்பினா அந்த மனிசன் நூலத்தான் திருப்பி அனுப்புவார். கால வரச் சொல்லு."

ஆகவே எழுதுகிறேன். பழைய வீடு ஐந்து இடத்தில் ஒழுகுகிறது. உம்மா சுகமில்லை, நானும் சுகமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மாசி வரைக்கும் என்னால் ஏலாது. கதவை நினைக்க வேண்டாம் வாப்பா. கதவில்லாத வீட்டுக்குள் நீங்கள் தட்டாமலே வரலாம். நாங்கள் எழும்பி வந்து திறக்கிற நேரமும் மிச்சம்.

கனகரெத்தினம் ஐயா, இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். வெள்ளிக்கிழமை லொறியில் பலகை வராவிட்டாலும் காரியமில்லை. கால் வரட்டும்.